ஹெட்டைக் கழற்றும் முன் கேப்பிங்கைப் பாருங்கள்

கேள்வி: தேனி பக்கம் போர்டு, ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். ஆறு அடி ஈகோ சால்வென்ட் (கடுமை குறைந்த கரைப்பான் இங்க்) பிரிண்டிங் மெஷின், இங்க் தெளிக்கும் எப்சன் ஐ3200 ஹெட் இரண்டு. பொங்கலுக்கு ஆறு நாள் பூட்டிவிட்டுத் திறந்தால் நாசில் செக்கில் (கோடு கோடாக அடித்துப் பார்க்கும் சோதனை அச்சு) முதல் ஹெட்டின் மெஜந்தாவில் பாதிக் கோடுகள் வரவில்லை. பன்னிரண்டு முறை கிளீனிங் கொடுத்தேன். இன்னும் மோசமாகி இப்போது சியானும் விடுபடுகிறது. ஹெட் போய்விட்டது, ஒரு லட்சம் தயார் செய்யுங்கள் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். கிளீனிங் கொடுக்கக் கொடுக்க மோசமாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. இங்க் காய்ந்து அடைத்திருந்தால் கிளீனிங்கில் சில கோடுகளாவது திரும்ப வரும், இல்லாவிட்டால் அப்படியே நிற்கும். கிளீனிங் என்பது ஹெட்டின் அடியிலிருந்து பம்ப் இங்க் உறிஞ்சுவதுதான். நன்றாக இருந்த சியானும் சேர்ந்து போகிறது என்றால் அந்த உறிஞ்சும் இடத்தில் கோளாறு. கேப்பிங், அதாவது ஓய்வில் ஹெட்டை அடியிலிருந்து மூடும் ரப்பர் விளிம்புக் கிண்ணம், ஹெட்டோடு ஒட்டி உட்காரவில்லை, அல்லது பம்ப் சரியாக இழுக்கவில்லை. அந்த நிலையில் கொடுக்கும் ஒவ்வொரு கிளீனிங்கும் நாசிலுக்குள் (இங்க் தெறிக்கும் நுண்துளை) காற்றை ஏற்றுகிறது. ஆறு நாளில் கேப்பிங் விளிம்பில் இங்க் காய்ந்து மேடு தட்டியிருக்கும். அந்த ஒரு மேடு போதும்.

முதலில் கிளீனிங் பட்டனிலிருந்து கையை எடுங்கள். ஒரே மூச்சில் மூன்று முறைக்கு மேல் கொடுக்கவே கூடாது.

ஹெட்டைச் சுமந்து ஓடும் கேரேஜை நகர்த்திவிட்டு, அந்த இங்குக்கே உரிய கிளீனிங் லிக்விடில் நனைத்த ஃபோம் குச்சியால் ரப்பர் விளிம்பைச் சுற்றித் துடையுங்கள். ஹெட்டின் அடியை வழிக்கும் வைப்பர் பிளேடையும் இரண்டு பக்கமும் துடையுங்கள். பிறகு கேப்பிங்கில் சிரிஞ்சால் லிக்விடை விளிம்பு வரை ஊற்றி ஐந்து நிமிடம் பாருங்கள். மட்டம் தானாக இறங்கினால் பம்புக்குள் இருக்கும் ட்யூப் நசுங்கித் தேய்ந்துவிட்டது. இறங்காவிட்டால் பம்பை ஓட்டுங்கள். சில விநாடிகளில் காலியாக வேண்டும். ஆகாவிட்டால் வேஸ்ட் பாட்டிலுக்குப் போகும் ட்யூப் அடைத்திருக்கிறது, அல்லது பம்ப் இழுக்கவில்லை. இரண்டிலும் தேறினால் ஹெட்டை கேப்பிங் மேல் உட்கார வைத்து ஒரே ஒரு கிளீனிங் கொடுத்து வேஸ்ட் ட்யூபைக் கவனியுங்கள். இங்க் தொடர்ச்சியாக ஓடினால் நல்லது. குமிழி குமிழியாக வந்தால் ரப்பர் காற்று விடுகிறது, கேப்பிங்கை மாற்றுங்கள். ஹெட் விலையோடு பார்த்தால் அது சில்லறைக் காசு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும், அதைத்தான் யாரும் செய்வதில்லை.

கேப்பிங் சரியான பிறகு ஊற வையுங்கள். லிக்விடை நிரப்பி ஹெட்டை அதன் மேல் நிறுத்தி இரண்டு மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு. காலையில் ஒரு கிளீனிங், பிறகு நாசில் செக் மூன்று: ஒன்று உடனே, அடுத்தது ஐந்து நிமிடம் கழித்து, மூன்றாவது ஒரு சதுர மீட்டர் முழு மெஜந்தா அடித்த பிறகு. மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பாருங்கள். விடுபட்ட கோடுகள் இடம் மாறிக்கொண்டே இருந்தால் காற்று. முதல் இரண்டும் நன்றாக இருந்து மூன்றாவதில் வெளிறினால் இங்க் போதவில்லை. ஹெட்டுக்குப் போகும் இங்க் வந்து தங்கும் சின்ன டப்பாவான டேம்பரின் பில்டர் அடைத்திருக்கும், அல்லது இங்க் டேங்க் மூடியின் காற்றுத் துளை மூடியிருக்கும். மூன்றிலும் அதே இடத்தில் அதே கோடு இல்லையென்றால் மட்டும் ஹெட் பக்கம் திரும்புங்கள்.

அப்போதும் பதற வேண்டாம். இந்த ஹெட்டில் 3200 நாசில், வரிசைக்கு 400 வீதம் எட்டு வரிசை. நான்கு கலர் என்றால் கலருக்கு 800. அதில் பத்துப் பதினைந்து அங்கங்கே போனால் பாஸைக் கூட்டி (ஒரே இடத்தின் மேல் ஹெட் அதிக முறை ஓடும்படி வைத்து) வேலை பார்க்கலாம்.

இனி லிக்விட். பிளெக்ஸ் அடிக்கும் சால்வென்ட் மெஷினும் அதே கடையில் இருந்தால், அந்த கேனிலிருந்தே எடுத்து இதிலும் ஊற்றுகிறார்கள். ஊற்றாதீர்கள். அந்த லிக்விடில் பெரும்பாலும் சைக்ளோஹெக்ஸனோன் இருக்கும். அந்த மாதிரி மெஷினில் வரும் கோனிகா சால்வென்ட் ஹெட் அதைத் தாங்கும், எப்சன் ஹெட்டில் உள்ளே ஒட்டியிருக்கும் பசை தாங்காது. தின்னர், அசிட்டோன் பெயரையே எடுக்க வேண்டாம். தண்ணீர் பட்டால் இங்க் கட்டி தட்டும். டேம்பரைக் கழற்றி சிரிஞ்ச் போட்டு அழுத்துவதும் வேண்டாம். சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டு 5 மில்லி லிக்விட் தன் எடையிலேயே இறங்கட்டும். ஹெட்டை ‘அல்ட்ராசோனிக்’ போட்டுத் தருகிறேன் என்று எடுத்துப் போகிறவரிடம் கொடுக்காதீர்கள். நாசில் பிளேட் விட்டுக்கொண்டு திரும்பி வரும்.

நான் சொன்னதெல்லாம் இங்க் கோளாறுக்கு. ஒரே ஒரு விலக்கு உண்டு, மின்சாரக் கோளாறு. இதைப் பொறுமையாகப் படியுங்கள், இதில் தப்பு செய்தால் நல்ல ஹெட்டும் போகும். ஒரு கலர் முழுவதும் அடித்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நின்றுவிடும். அல்லது கேட்காத இடத்தில் ஒரு கலர் பட்டையாக விழும். இந்த அடையாளம் தெரிந்தால் நூல் பிசிறில்லாத துணியை ஹெட்டின் அடியில் ஒற்றிப் பாருங்கள். எல்லா கலரும் துணியில் பதிகிறது, ஆனால் நாசில் செக்கில் ஒரு கலர் அறவே இல்லை என்றால் இங்க் வருகிறது, ஹெட் அடிக்கவில்லை. உடனே மெஷினை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி, பத்து நிமிடம் விடுங்கள். பிறகு ஹெட் கேபிளை உருவி முனையைப் பாருங்கள். டேம்பர் மாற்றும்போது சொட்டிய ஒரு துளி இங்க் அங்கே போயிருக்கும், கருகிய தடம் தெரியும். ஹெட் போர்டில் (ஹெட்டை இயக்கும் சர்க்யூட் போர்டு) பியூஸ் போயிருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்க வேண்டும். போயிருந்தால் புது பியூஸ் போட்டு உடனே ஆன் செய்யக் கூடாது. ஈரமும் ஷார்ட்டும் அப்படியே இருந்தால் அடுத்து போர்டு எரியும். முதலில் புது கேபிள். அதைக் கோணாமல் நேராகச் செருக வேண்டும், ஒரு பின் தள்ளி உட்கார்ந்தாலும் போச்சு.

இந்த இடத்தில் மெக்கானிக், இரண்டு ஹெட்டின் கேபிளையும் மாற்றி மாட்டிப் பார்க்கலாம் என்பார். விடாதீர்கள். ஷார்ட் ஆன ஹெட்டை ஹெட் போர்டின் நல்ல போர்ட்டில் (கேபிள் செருகும் இடம்) மாட்டினால் அந்த போர்ட் போகும். பழுதான போர்ட்டில் நல்ல ஹெட்டை மாட்டினால் ஹெட் போகும். ஒன்று இரண்டாகும். சந்தேக ஹெட்டைத் தனியாக டெஸ்ட் செய்யும் இடத்தில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதிலும் தோற்றால் புது ஹெட் வாங்கத்தான் வேண்டும். அங்கேதான் கொள்ளை நடக்கிறது. ஐ3200-இல் ஏ1 தண்ணீர் இங்குக்கு, ஈ1 ஈகோ சால்வென்டுக்கு, யு1 யுவி இங்குக்கு. விலை குறைவு என்று ஏ1-ஐத் தலையில் கட்டுவார்கள். ஓடும், ஆனால் நிலைக்காது. லேபிளை நீங்களே படியுங்கள். பழைய மெஷினில் கழற்றிக் கழுவிய ஹெட்டைப் புதிது என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். இங்க் ஏறும் துளைக்குள் டார்ச் அடித்தால் கலர் கறை தெரியும், திருகு துளையில் கீறல் இருக்கும். சீரியல் எண் எழுதிய ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஹெட் விற்கிறவரிடம் கமிஷன் வாங்குகிற மெக்கானிக்கிடம் கேப்பிங்கைப் பற்றிக் கேட்டு என்ன பயன்? கழற்றிய ஹெட்டை ‘பழசுதானே’ என்று அவர் பையில் போட்டால் திருப்பி வாங்கி உங்கள் அலமாரியில் வையுங்கள். பல ஹெட் ஓர் இரவு ஊறினால் பிழைக்கக்கூடியது, பிழைத்து அடுத்த கடைக்குத்தான் போகும்.

பல லட்சம் வாங்கி மெஷின் இறக்குகிறவர்கள் ‘ஹெட்டுக்கு வாரண்டி இல்லை’ என்று பில்லின் மூலையில் பொடி எழுத்தில் அச்சடித்துவிட்டுப் போகிறார்கள். கேப்பிங்கைத் துடைப்பது எப்படி என்று பத்து நிமிடம் சொல்லிக் கொடுக்க ஆள் அனுப்புவதில்லை. கூப்பிட்டால் சென்னையிலிருந்து வர வேண்டும், வருகைக்குத் தனிக் கட்டணம். இங்க் கம்பெனியை மாற்றும்போது பழையதை ட்யூபிலிருந்து முழுக்கக் கழுவ வேண்டும் என்பதைக்கூட யாரும் சொல்வதில்லை. இரண்டு இங்க் கலந்து டேம்பருக்குள் கஞ்சியாகிறது, பழி ஹெட் மேல்.

அடுத்த லீவுக்கு முன் விளிம்பைத் துடைத்து, லிக்விட் நிரப்பி, ஹெட்டை அதன் மேல் நிறுத்துங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை யாராவது போய் ஒரு நாசில் செக் எடுக்க வேண்டும். மெஷினுக்கு நேர் மேலே ஃபேன் ஓடினால் அதை இடம் மாற்றுங்கள், நாசில் காயும். கரண்ட் போனால் ஹெட் திறந்தபடி நின்றுவிடும். யுபிஎஸ் இல்லாவிட்டால், கையால் தள்ள முடிகிற மெஷின்களில் கேரேஜை உடனே கேப்பிங் மேல் கொண்டுபோய் உட்கார வையுங்கள்.