ஈரக் கண்ணாடிகளைப் பிரிக்க முடியாதது ஏன்?

கேள்வி: இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே சில துளித் தண்ணீர் புகுந்துவிட்டால், நேராக இழுத்துப் பிரிக்கவே முடிவதில்லை, பக்கவாட்டில் தள்ளினால் மட்டும் வழுக்கி வந்துவிடுகின்றன. தண்ணீர் பசையல்லவே, பிறகு எது அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது?

பதில்: பெரும்பங்கு, நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்துக்கு உரியது, அதற்கு வழிசெய்து கொடுப்பது தண்ணீரின் பரப்பு இழுவிசை. நீருக்குள் இருக்கும் மூலக்கூறை அண்டை மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலும் இழுக்கின்றன. பரப்பில் இருப்பதற்கு மேற்பக்கம் அத்தகைய துணை இல்லை என்பதால், நீர்ப்பரப்பு இயன்றவரை சுருங்கவே முயல்கிறது. 20 டிகிரி செல்சியஸில் இவ்விசை மீட்டருக்குச் சுமார் 0.073 நியூட்டன் மட்டுமே. அற்பமாகத் தோன்றும் இந்த அளவு, இடைவெளி குறுகக் குறுகப் பெரும் விளைவைத் தருகிறது.

சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் நன்கு படர்வதால், தகடுகளின் விளிம்பில் நீர்ப்பரப்பு உட்புறமாகக் குழிந்து நிற்கும். அப்படிக் குழிந்த பரப்புக்குப் பின்னால் உள்ள நீரின் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவாகவே இருக்கும். வளைவுக்கும் அழுத்தத்துக்கும் உள்ள இந்த உறவை 1805இல் ஆங்கிலேய அறிவியலாளர் தாமஸ் யங்கும், அடுத்த ஆண்டு கணித வடிவில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸும் விளக்கினார்கள். பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள சதுரத் தகடுகளுக்கு இடையே 0.01 மி.மீ. தடிமனில் நீர்ப்படலம் முழுவதும் நிறைந்திருப்பதாகக் கொண்டால், அழுத்தக் குறைவு வளிமண்டல அழுத்தத்தில் ஏழில் ஒரு பங்கு வரும். தகடுகளை அழுத்தும் விசையோ ஏறத்தாழ 15 கிலோ எடைக்குச் சமம்! இவ்விசை தகட்டின் முகத்துக்குச் செங்குத்தாகவே செயல்படுகிறது. பக்கவாட்டு நகர்வைத் தடுக்க, எளிதில் வழுக்கிக்கொடுக்கும் நீர்ப்படலத்தால் இயலாது. வெடுக்கென்று இழுத்தால் நீரின் பாகுத்தன்மையும் (ஓடுவதற்கு நீர் காட்டும் எதிர்ப்பு) சேர்ந்து எதிர்க்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஐயம் இருந்தால், தகடுகளை அப்படியே ஒரு வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தி மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். விளிம்பில் காற்றும் நீரும் சந்திக்கும் குழிந்த பரப்பு மறைந்துவிடுவதால், அவை சிரமமின்றிப் பிரியும். பசையாக இருந்தால் இப்படி நடக்காது என்பதால், இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை என்பேன்.

கேள்வி: ஈர மணலில் கட்டிய வீடு நிற்பதும் இதனால்தானா?

பதில்: ஆம். மணல்மணிகள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் தங்கும் சிறு நீர்ப்பாலங்களும் குழிந்த பரப்பு உடையவையே. அவை மணிகளை நெருக்கிப் பிடிக்கின்றன. வெயிலில் காய்ந்தால் அந்தப் பாலங்கள் இல்லாமற்போகும். அலை வந்து மூடினாலோ இடையிலிருந்த காற்று வெளியேறி, குழிந்த பரப்பும் அழியும். இரண்டு நிலையிலும் மணல் சரிந்துவிடும்.