எந்த கேன் வாங்கலாம்?

கேள்வி: கேரளத்தில் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தாலே எங்கள் ஊர்க் கடைகளில் விதவிதமான கிருமிநாசினி கேன்கள் வந்து இறங்கிவிடுகின்றன. ஒன்றில் பி.கே.சி. (பென்சால்கோனியம் குளோரைடு), ஒன்றில் குளூட்டரால்டிஹைடு, இன்னொன்றில் இரண்டும் கலந்தது. ப்ளீச்சிங் பவுடரே போதும் என்கிறார் பக்கத்துப் பண்ணைக்காரர். எதை வாங்குவது?
– லேயர் (முட்டைக்கோழி) பண்ணையாளர், மோகனூர்

பதில்: நீங்கள் சொன்ன எல்லாமே பறவைக் காய்ச்சல் வைரஸைக் கொல்லும். அதைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை உண்டு, அது குலைந்தால் வைரஸ் செத்தது. சோப்புத் தண்ணீருக்கே அந்த உறை தாங்காது. கோழிகளுக்கு வரும் கம்போரோ நோயின் வைரஸுக்கு அந்த உறையே கிடையாது, மருந்துக்கு லேசில் மசியாது. அதோடு பார்த்தால் இது சாது.

சிக்கல் கோழி எச்சத்தில்தான். எச்சத்துக்குள் இருக்கும் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ், 37 டிகிரி வெப்பத்திலேயே 6 நாள் தாக்குப்பிடிக்கும், 4 டிகிரி குளிரில் 35 நாள். அதன் மேல் ப்ளீச்சிங் கரைசலை ஊற்றினால் குளோரின் எச்சத்தோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும், வைரஸ் வரை போய்ச் சேராது. பி.கே.சி.யும் அழுக்கில் சோர்ந்துவிடும், குளூட்டரால்டிஹைடு கொஞ்சம் பரவாயில்லை. அதனால் முதலில் சுரண்டி, கூட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் சோப்பு துளியும் மிச்சமில்லாமல் அலசிவிட வேண்டும், ஏனென்றால் சாதாரண சோப்பும் பி.கே.சி.யும் சேர்ந்தால் பி.கே.சி. செயலிழந்துவிடும். உப்புத் தண்ணீர் வரும் போர்வெல் என்றாலும் அதன் வீரியம் குறையும். காய்ந்த பிறகு மருந்தை அடித்து, லேபிளில் போட்டிருக்கும் நேரம் வரை ஈரமாகவே விடுங்கள்.

ப்ளீச்சிங் பவுடர் மலிவு, சரி. ஆனால் பிரித்துப் போட்ட பழைய மூட்டையில் குளோரின் பறந்துபோயிருக்கும், கூண்டுக் கம்பியும் துருப்பிடிக்கும். ஆசிட்டோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும்.

ஒரு பண்ணை வாசலில் கால் நனைக்கும் தொட்டியைப் பார்த்தேன். தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது, மேலே இறகு மிதந்தது. மருந்து விலை உயர்ந்ததுதான், ஊற்றி எத்தனை நாளாயிற்று என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். தினமும் மாற்றுங்கள், பக்கத்தில் ஒரு பிரஷ்ஷும் வையுங்கள், பூட்ஸைத் தேய்த்துவிட்டு நனைக்கட்டும்.

முட்டை அட்டையை எந்த மருந்தாலும் சுத்தம் செய்ய முடியாது. வெளியே போன அட்டை திரும்ப உள்ளே வரவே கூடாது. பிளாஸ்டிக் ட்ரே என்றால் கழுவிக்கொள்ளலாம்.