வாதாபிக்கு பீட் போடலாமா?

கல்லூரிக் கலைவிழாவுக்காக முத்துசுவாமி தீட்சிதரின் ‘வாதாபி கணபதிம்’ கீர்த்தனையை லேப்டாப்பில் ரீமிக்ஸ் செய்கிறேன், ஒரு சந்தேகம் என்று ஒரு மாணவர் ஆரம்பித்தார். பின்னாலேயே கேள்விகள் வரிசை கட்டிவிட்டன. நான் வீணை கற்றவள். பல வருடங்களாக நாட்டிய அரங்கேற்றங்களுக்குப் பாட்டு எடிட் செய்து கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

அக்கா, பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பாட்டை உள்ளே போட்டு 90 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 90 தட்டு) ஒரு பீட் வைத்தேன். பல்லவி ஆரம்பத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. சரணம் வருவதற்குள் பீட் ஒரு பக்கம், பாடகர் ஒரு பக்கம். எங்கே தப்பு?

தப்பு உங்களிடமும் இல்லை, பாடகரிடமும் இல்லை. கச்சேரியில் யாரும் காதில் கிளிக் (சீரான எண்ணிக்கைச் சத்தம்) மாட்டிக்கொண்டு பாடுவதில்லை. சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வடிவம்) ஏற ஏறக் காலப்பிரமாணம், அதாவது வேகம், ஒரு இழை கூடும். அது பாட்டின் உயிர். மென்பொருளுக்கு அது புரியாது.

பலர் பாடகரின் குரலை இழுத்து, மென்பொருளின் தாளக் கட்டத்துக்குள் அடைக்கப் பார்க்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள், கட்டத்தை வளையுங்கள். கையால் ஆதி தாளம் போட்டுக்கொண்டே பாட்டைக் கேளுங்கள். ஒவ்வொரு ஆவர்த்தனத்தின் (எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு தாளச் சுற்று) முதல் தட்டிலும், அதாவது சமத்தில், ஒரு டெம்போ குறி வையுங்கள். ரீப்பர் மென்பொருளில் இதன் பெயர் டெம்போ மார்க்கர், ஏபிள்டனில் வார்ப் மார்க்கர். 90 பிபிஎம்மில் எட்டு எண்ணிக்கைக்கு ஏறக்குறைய ஐந்தேகால் நொடி ஆகும். பத்து நிமிடப் பாட்டென்றால் 110 குறிக்கு மேல் வரும். ஒரு சாயங்காலம் போய்விடும். போகட்டும். அதற்கப்புறம் எந்த பீட்டைப் போட்டாலும் பாடகரோடு சேர்ந்து நடக்கும்.

இன்னொன்று. பாட்டின் முதல் எழுத்துதான் சமம் என்று நினைத்துவிடாதீர்கள். எத்தனையோ கீர்த்தனைகளுக்கு எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், அரை இடம் தள்ளித்தான். முதல் எழுத்தைக் கோட்டில் ஒட்டவைத்தால் பாட்டு முழுக்க அரை எண்ணிக்கை நொண்டும்.

குரலை இழுப்பது பற்றிச் சொன்னேன் இல்லையா, அது பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு அரங்கேற்றத்துக்கு ஜதிப் பதிவை 15 சதவீதம் மெதுவாக்கிக் கொடுத்தேன். மிருதங்கத்தின் சாப்பு எல்லாம் பிஸ்கட் டின்னைத் தட்டின மாதிரி ஆகிவிட்டது. நாட்டிய ஆசிரியை போனில் பேசியதை இங்கே எழுத முடியாது.

எந்த மென்பொருள் நல்லது? கையில் காசில்லை.

ஆப்பிள் கருவி இருந்தால் கராஜ்பேண்ட் இலவசம். விண்டோஸ் என்றால் ரீப்பரின் 60 நாள் சோதனைக் காலம் கலைவிழாவுக்குப் போதும். எஃப்எல் ஸ்டுடியோ இலவசப் பதிப்பில் கவனம்: சேமித்த வேலையை வாங்கினால்தான் மறுபடி திறக்க முடியும். விடிய விடிய வேலை பார்த்துவிட்டுக் காலையில் அழுதவர்களை எனக்குத் தெரியும்.

கீபோர்டு வாசிக்கிறேன். வாதாபிக்குப் பின்னால் கார்டு வைத்தால் சில இடம் அழகாக இருக்கிறது, சில இடம் சினிமாப் பாட்டு மாதிரி ஆகிவிடுகிறது. ராகம் கெடாமல் எந்தக் கார்டு வைக்கலாம்?

நல்ல கேள்வி. வாதாபியின் ராகமான ஹம்சத்வனியில் ஐந்தே ஸ்வரம்: ஸ, ரி, க, ப, நி. ஒரு கட்டை ஸ்ருதியில் வைத்தால் சி, டி, ஈ, ஜி, பி. இந்த ஐந்தை மட்டும் வைத்து முழு மேஜர், மைனர் கார்டுகள் (மூன்று ஸ்வரம் சேர்ந்து ஒலிப்பவை) எத்தனை கட்டலாம் என்று பாருங்கள். ஸகப சேர்ந்தால் சி மேஜர். கபநி சேர்ந்தால் ஈ மைனர். பநிரி சேர்ந்தால் ஜி மேஜர். மூன்றோடு முடிந்தது.

பழக்க தோஷத்தில் கை எஃப் மேஜருக்கும் ஏ மைனருக்கும் போகும். போன உடனே ராகத்தில் இல்லாத மத்யமமும் (ம) தைவதமும் (த) உள்ளே வந்துவிடும். உங்களுக்குச் சினிமாப் பாட்டு மாதிரி கேட்டது அந்த இடங்களாகத்தான் இருக்கும்.

அடுத்தது கொஞ்சம் நுணுக்கம். தம்பூராவோடு சேர்ந்து நிற்கிற அந்தர காந்தாரம் (இந்த ராகத்தின் க) ஷட்ஜத்திலிருந்து (ஸ) சுமார் 386 சென்ட். அரை ஸ்வரத்தை (கீபோர்டில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையிலான தூரம்) நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட். கீபோர்டின் ஈ கட்டையோ 400-ல் இருக்கிறது. பாடகர் காந்தாரத்தில் கார்வை கொடுத்து நிற்கும்போது உங்கள் சி மேஜர் கார்டிலும் காந்தாரம் ஒலித்தால், 14 சென்ட் இடைவெளியில் இரண்டும் உரசும். எளிய வழி இதுதான்: நீண்ட கார்டுகளில் காந்தாரத்தை எடுத்துவிட்டு ஸ, ப மட்டும் வையுங்கள். காந்தாரத்தைப் பாடகர் பார்த்துக்கொள்வார்.

தோடி ராகத்தை மிடியில் (கீபோர்டு ஸ்வரங்களைக் கணினிக்கு அனுப்பும் முறை) வாசித்தேன். ஸ்வரம் எல்லாம் சரி. ஆனால் தோடியே இல்லை!

இருக்காது. தோடியின் காந்தாரம் கீபோர்டின் ஒரு கட்டையில் உட்காருவதே இல்லை, ஆடிக்கொண்டே இருக்கும். அந்த அசைவுதான் தோடி. கீபோர்டில் ஸ்வரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் வழக்கமாக மேலும் கீழும் இரண்டு அரை ஸ்வரம்தான் வளையும். அதைப் பன்னிரண்டாக மாற்றி, வளைவைக் கையால் வரையலாம். ஒரு வரிக்கு ஒரு நாள் ஆகும். அதற்குப் பேசாமல் வயலின் வாசிக்கிற நண்பனுக்கு ஒரு பிரியாணி வாங்கிக்கொடுத்துப் பதிவு செய்துவிடுங்கள். ஸ்வரத்தைத் திருத்தும் ஆட்டோட்யூனைத் தோடி பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் அசைவை, பிழை என்று நினைத்து நிமிர்த்திவிடும்.

ஏஐ கருவியில் குரலைத் தனியாகப் பிரித்தேன். வயலின் பேய் மாதிரி பின்னாலேயே வருகிறது.

டீமக்ஸ், ஸ்ப்ளீட்டர் போன்ற கருவிகள் பெரும்பாலும் மேற்கத்திய பாப் பாட்டுகளைக் கேட்டுப் பழகியவை. அங்கே குரல் ஒன்று செய்யும், கிடார் வேறொன்று செய்யும். நம் கச்சேரியில் வயலின் குரலுக்கு நிழல். அதே ஸ்வரம், அதே கமகம், இம்மி பின்னால். கருவி குழம்பத்தானே செய்யும்? பார்சிலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் ‘சாரகா’ என்று ஒரு தொகுப்பு வெளியிட்டிருக்கிறது. அதில் பல கர்நாடகக் கச்சேரிகளுக்குக் குரல், வயலின், மிருதங்கம் தனித்தனி டிராக்குகளாகவே கிடைக்கும். மேடைப் பதிவு என்பதால் ஒன்றில் மற்றது லேசாகக் கசியும். இருந்தாலும் பேய் இல்லை. வணிக நோக்கமில்லாத வேலைக்கு மட்டும்.

இணையத்தில் எடுத்த மிருதங்க லூப் பாட்டோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது. தாளம் சரியாகத்தான் இருக்கிறது.

ஸ்ருதியைப் பாருங்கள். மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையைப் பாடுகிறவரின் ஷட்ஜத்துக்குச் சேர்த்திருப்பார்கள். ஒரு கட்டை லூப்பை ஐந்தரை கட்டைப் பாடகிக்குப் போட்டால் எப்படி ஒட்டும்? உங்கள் கிக் டிரம்மையும் ஷட்ஜத்துக்கோ பஞ்சமத்துக்கோ சேர்த்துவிடுங்கள். தொப்பி (மிருதங்கத்தின் இடது பக்கம்) பேசுகிற இடத்தில் கிக் வேண்டாம். இரண்டும் அடித்தால் வெறும் உறுமல்தான் மிஞ்சும்.

தீட்சிதர் பாட்டுக்குக் காப்புரிமை வருமா?

முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் மறைந்தார். பாட்டுக்குத் தடை இல்லை. ஆனால் நீங்கள் எடுத்துப் போடும் ஒலிப்பதிவு வேறு. இந்தியச் சட்டப்படி பதிவு வெளியான அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் இருந்து 60 ஆண்டுகள் அதற்கு உரிமை உண்டு. பாடியவருக்கும் தனி உரிமை இருக்கிறது. பாட்டு வாத்தியார் வகுப்பில் பாடியதைப் போனில் பிடித்து வைத்திருந்தாலும் அவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அம்மா, எனக்கு 68 வயது. தெய்வாம்சமான கீர்த்தனையில் இப்படி டமடம என்று சேர்ப்பது தீட்சிதரை அவமதிப்பதாகாதா?

ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. நான் கேட்ட ரீமிக்ஸ்களில் பாதியை நானே அணைத்திருக்கிறேன். ஆனால் தீட்சிதரைச் சொன்னதால் ஒன்று சொல்கிறேன். சென்னைக்கு அருகே மணலியில் இருந்த காலத்தில் அவர் குடும்பத்துக்குச் சென்னைக் கோட்டையின் ஆங்கிலேயர் பேண்டு வாத்தியம் கேட்கக் கிடைத்தது என்பார்கள். அந்த மெட்டுகளுக்கு அவர் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். ‘சந்ததம் பாஹிமாம்’ ஆங்கிலேயரின் அரச வாழ்த்து மெட்டு. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினையே நம் இசைக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர். ஏன், வாதாபியில் இன்று நாம் ரசிக்கும் சங்கதிகளில் பலவும் பின்னால் பாடகர் மகா வைத்தியநாத சிவன் சேர்த்தவை என்றுதானே சொல்கிறார்கள்? அவர்கள் ராகம் தெரிந்து கை வைத்தார்கள். இந்தப் பிள்ளைகளிடமும் அதைத்தான் கேட்கிறேன்.

பத்தாம் வகுப்பு படிக்கிறேன் அக்கா. முதல் முயற்சிக்கு எந்தப் பாட்டு எடுக்கலாம்?

இப்போது சொன்ன நோட்டுஸ்வரமே எடு. சங்கராபரணம், கமகம் கிடையாது, ஸ்வரங்கள் நேராக நிற்கும். கீபோர்டிலேயே வாசித்துவிடலாம், கார்டும் தயங்காமல் வைக்கலாம். ‘சந்ததம் பாஹிமாம்’ மூன்று எண்ணிக்கையில் நடப்பது. மென்பொருள் திறந்ததும் நாலுக்கு நாலு என்று இருக்கும். அதை மூன்றுக்கு நாலு என்று மாற்றிவிட்டு ஆரம்பி.