போஸ்ட்டாக் கடிதத்தோடு இருக்கும் ஆம்பூர்த் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இது: எம்.டி. பேத்தாலஜி (திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் துறை) முடித்து வேலூரில் ரிப்போர்ட் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் ஒரு மார்பகப் புற்றுநோய் ஆய்வகத்திலிருந்து போஸ்ட்டாக், அதாவது சில வருட ஆய்வு வேலைக்குக் கடிதம் வந்திருக்கிறது. இரண்டு வருடம் அங்கே இருந்தால் அப்படியே ரெசிடென்சிக்குள் (மருத்துவமனைச் சிறப்புப் பயிற்சிக்குள்) போய்விடலாம் என்கிறார்களே, உண்மையா அக்கா? குளிர், வாடகை, சாப்பாடு எப்படி?

குளிர் பழகிவிடும். கோட்டு இங்கே வந்து வாங்குங்கள், சென்னையில் விற்பது இந்த ஊர்க் காற்றுக்குத் தாங்காது. அரிசி, பருப்பு எல்லாம் கிடைக்கிறது. வாடகையை அந்த ஆய்வகத்தில் ஏற்கெனவே இருப்பவர்களிடம் கேளுங்கள். என்னை எழுத வைத்தது ரெசிடென்சி பற்றிய அந்தப் பேச்சுதான். ராணிப்பேட்டையிலிருந்து நான் கிளம்பியபோது எனக்கும் அதையே சொல்லித்தான் அனுப்பினார்கள்.

உண்மை இல்லை. ஆய்வு வேலை வேறு, மருத்துவராக இருக்கும் உரிமை வேறு. ஊரில் எத்தனை ஆயிரம் பயாப்சி பார்த்திருந்தாலும், இங்கே ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வழக்கமான பாதை ஒன்றுதான். யுஎஸ்எம்எல்இ என்ற மருத்துவ உரிமத் தேர்வுகள் (ஸ்டெப் 1, 2, 3), வெளிநாட்டில் படித்தவர்களுக்கான இசிஎஃப்எம்ஜி சான்றிதழ், ரெசிடென்சி, அதற்குப் பிறகு மாநில லைசென்ஸ். அனட்டாமிக் (திசு), கிளினிக்கல் (ரத்தம் போன்ற ஆய்வகச் சோதனை) இரண்டும் சேர்ந்த பேத்தாலஜி ரெசிடென்சி நான்கு வருடம். போஸ்ட்டாக்கில் போன வருடங்கள் அந்த நான்கில் கழியாது. ஸ்டெப் 1 தேர்வு 2022 ஜனவரியிலிருந்து வெறும் பாஸ், ஃபெயில் என்றாகிவிட்டது. அதனால் ஸ்டெப் 2 மதிப்பெண்ணைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். ஆய்வகத்துக்கு வந்த பிறகு படித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். எலிகளுக்கும் செல்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

ஆய்வகத்தில் இருப்பதால் ஒரு நன்மை உண்டு. அதே வளாகத்தில் பேத்தாலஜி துறை இருந்தால், சைன் அவுட் (ஸ்லைடு பார்த்து ரிப்போர்ட்டை முடிவு செய்வது) நடக்கும்போது பக்கத்தில் உட்காரலாம், உங்கள் கண்ணை அவர்கள் பார்ப்பார்கள், நல்ல பரிந்துரைக் கடிதம் கிடைக்கும். அதற்கு அந்தத் துறை இடம் கொடுக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது உட்கார விடுவார்களா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

நான் சேர்ந்த முதல் ஆய்வகத்தில் எனக்கென்று தனி ஆராய்ச்சி இருக்கும் என்றார்கள். போனதும் ஸ்லைடுத் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். புற்றுச் செல்களில் ஈஆர், பிஆர், ஹெர்2, கி-67 என்ற புரதங்கள் எவ்வளவு நிறம் பிடித்திருக்கின்றன என்று மாதக்கணக்கில் ஸ்கோர் போட்டேன். கட்டுரை வெளியானபோது என் பெயர் கடைசியில் நன்றி சொல்லும் பத்தியில் இருந்தது. கேட்டதற்கு, ஸ்கோர் போடுவது டெக்னிக்கல் வேலை என்றார் ஆய்வகத் தலைவர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பூஜ்யம் முதல் மூன்று வரை போடும் ஸ்கோரில் ஹெர்2 இரண்டா மூன்றா என்று சொல்வது கண் பழகியவரின் தீர்ப்பு. அந்தக் கட்டுரையின் வரைபடங்கள் எல்லாம் அந்தத் தீர்ப்பின் மேல்தான் நின்றன. இப்போது இதே வேலை புது உருவத்தில் வருகிறது. செயற்கை நுண்ணறிவுக்குக் கற்றுக்கொடுக்க, ஸ்லைடுப் படத்தில் கட்டியைச் சுற்றிக் கோடு போடச் சொல்வார்கள். போடுங்கள், நல்ல வேலைதான். கட்டுரையில் என் பெயர் எந்த இடத்தில் வரும் என்று முதல் வாரமே கேளுங்கள். கேட்டால் மரியாதைக் குறைவாக நினைப்பார்களோ என்று நம் ஊர்ப் பிள்ளைகள் தயங்குகிறார்கள். இங்கே கேட்காதவரைத்தான் மதிக்க மாட்டார்கள்.

உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். திருவண்ணாமலைப் பக்கமிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் மே மாத வெயிலில் பஸ்ஸில் வரும் ஸ்பெசிமன்களை, அதாவது அறுத்தெடுத்த திசுக்களைப் பார்த்தவர் நீங்கள். முழு மார்பகத்தை வெட்டாமல் அப்படியே டப்பாவில் அமுக்கி, திசு கெடாமல் காக்கும் ஃபார்மலினைக் கொஞ்சம் ஊற்றி அனுப்பியிருப்பார்கள். சில நேரம் வெறும் உப்புநீரான சலைனில் வரும். ஃபார்மலின் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும். வெளிப்புறம் கெட்டியாகி, நடுவில் கட்டி அழுகிக் கிடக்கும். அந்தத் திசுவின் மெழுகு பிளாக்கிலிருந்து வெட்டிய ஸ்லைடில் ஈஆர் நெகட்டிவ் என்று வந்தால் நீங்கள் உடனே நம்புவீர்களா? மாட்டீர்கள். பக்கத்தில் இருக்கும் இயல்பான பால் நாளங்கள் நிறம் பிடித்திருக்கின்றனவா என்று பார்ப்பீர்கள். அறுவை முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் போட வேண்டும், அதில் 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் வைத்திருக்க வேண்டும் என்பதை இங்கே பலர் வழிகாட்டி நெறியில் படித்து மட்டுமே அறிந்தவர்கள். மீறினால் என்ன ஆகும் என்று அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. 2022-ல் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகான் மருந்தை ஹெர்2 குறைவாக உள்ள கட்டிகளுக்கும் கொடுக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்த பிறகு, பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே இருக்கும் கோட்டில் ஒரு பெண்ணின் சிகிச்சையே மாறலாம். ஃபார்மலினில் சரியாக ஃபிக்ஸ் ஆகாத (பதப்படாத) திசு அந்த ஒன்றைப் பூஜ்யமாகக் காட்டிவிடும்.

ஆய்வகத்துக்காரர்கள் பலர் திசுவையே பார்ப்பதில்லை. ஆய்வகத்தில் வளர்க்கும் எம்டிஏ-எம்பி-435 என்ற செல் வரிசையை மார்பகப் புற்றுநோய் என்று நம்பி நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதினார்கள். 2000-ல் மரபணுக்களின் வெளிப்பாட்டை அளந்தபோது அது மெலனோமாக்களோடு (தோலின் நிறமிச் செல் புற்றுகளோடு) போய்ச் சேர்ந்தது. பிறகு எம்14 என்ற மெலனோமா வரிசையும் அதுவும் ஒன்றே என்று தெரிந்தது. ஆகவே சேர்ந்தவுடன் உங்கள் செல்களுக்கு எஸ்டிஆர் சோதனை (செல் யாருடையது என்று காட்டும் டிஎன்ஏ சோதனை) செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். எலியில் வளர்ந்த கட்டியை அரைத்து ஆர்என்ஏ எடுக்கும் முன் ஒரு துண்டை எச் அண்ட் இ என்ற வழக்கமான சாயம் போட்டுப் பாருங்கள். பாதி செத்த திசுவாகவும் மீதி லிம்போசைட்டாகவும் (ரத்த வெள்ளையணுவாகவும்) இருந்தால் அந்த எண்களுக்கு என்ன மதிப்பு?

ரெசிடென்சியில் ஒரு தோல் பயாப்சி வந்தது. டெர்மிஸ் (தோலின் உள்ளடுக்கு) முழுக்க நுரைத்த ஹிஸ்டியோசைட்டுகள் (கிருமியை விழுங்கும் செல்கள்). அரிய கட்டி என்று வரிசையாக இம்யூனோ ஸ்டெயின் (புரதங்களைக் காட்டும் சாயம்) கேட்டுக்கொண்டிருந்தார்கள். தொழுநோய்க் கிருமியைக் காட்டும் ஃபைட் ஸ்டெயின் ஒன்று போடலாம் என்றேன். கொத்துக்கொத்தாகத் தொழுநோய்க் கிருமி. கரிகிரித் தொழுநோய் மருத்துவமனை இருக்கும் மாவட்டத்தில் படித்தவளுக்கு அது தெரியாமல் போகுமா? அன்றிலிருந்து புரியாத ஸ்லைடு வந்தால் என் மேசைக்கும் ஒன்று வந்தது. இங்கே நான் வண்டி ஓட்டப் பழகினேன், பனியை வாரப் பழகினேன், நாற்பது வயதுக்குமேல் ஆர் என்ற கணினி மொழியில் நிரல் எழுதக் கற்றேன். ஆனால் எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தது வேலூரில் பழகிய கண்தான்.

விசா விஷயத்தில் கவனம். ரெசிடென்சிக்காக ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் வரும் மருத்துவர்கள் பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் ஊரில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மருத்துவர் குறைவான பகுதியில் மூன்று வருட வேலைக்கு ஒப்புக்கொண்டு விலக்கு வாங்க வேண்டும். ஆய்வாளர் ஜே-1 என்றால் அந்த விசாவுக்கான டிஎஸ்-2019 தாளில் அந்த விதி குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எச்-1பி வேலை விசாவில் ரெசிடென்சி சேர ஸ்டெப் 3 முன்பே முடித்திருக்க வேண்டும். ஆய்வு நிதியில், அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச் தரும் எஃப்32 உதவித்தொகை கிரீன் கார்டு இல்லாதவருக்குக் கிடைக்காது, அதன் கே99 மானியத்துக்கு அந்தத் தடை இல்லை. இன்னொன்று, நம் பக்கத்துக்காரர்களுக்கே உரிய தொல்லை. என் பள்ளிச் சான்றிதழில் வட ஆற்காடு, பாஸ்போர்ட்டில் வேலூர், இன்று அதே தெரு ராணிப்பேட்டை மாவட்டம். உங்கள் ஆம்பூர் 2019-க்குப் பிறகு திருப்பத்தூர். பிறப்புச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் இருப்பதை ஒப்பிட்டு, எல்லாப் படிவத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

இதையெல்லாம் இங்கே வந்த நம் சீனியர்கள் சொல்ல மாட்டார்கள். வீட்டுப் படம் அனுப்புவார்கள், எந்த விசாவில் எத்தனை வருடம் தவித்தோம் என்பதை மறைப்பார்கள். இன்னொரு கூட்டம் வரவே வராதே என்று பயமுறுத்தும், ஆனால் அவர்கள் திரும்பிப் போவதில்லை. இரண்டும் பின்னால் வரும் பிள்ளைகளுக்குச் செய்கிற துரோகம்.

எங்கள் வீட்டில் கதவைத் திறந்தால் டேனரி வாடை. அங்கே வேலை பார்த்த மாமாக்கள் இருமினால், இது அந்தத் தண்ணியாலயா என்று அம்மா என்னைத்தான் கேட்பார். தோல் பதனிடுவது பெரும்பாலும் மூன்று இணைதிறக் குரோமியத்தில். நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமென்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐஏஆர்சி முதல் வகையில் வைத்திருப்பது ஆறு இணைதிறக் குரோமியத்தை. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு மேட்டில் இருப்பது அந்த ஆறு இணைதிற வகைதான். நான் புற்றுநோய் உயிரியலுக்கு வந்ததே அம்மாவின் கேள்வியால். வேலூரில் எங்கள் பேராசிரியர் பல தலை மைக்ரோஸ்கோப்பில் எங்களை உட்கார வைத்து, கன்னத்துப் புற்றில் கெரட்டின் முத்துகளைக் காட்டிவிட்டு, இவர் பீடி சுற்றுகிறவரா, ஹான்ஸ் போடுகிறவரா, எந்த ஊர் என்று கேட்பார். பதில் தெரியாவிட்டால் வார்டுக்குப் போய்க் கேட்டுவரச் சொல்வார். அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். இங்கே ஸ்லைடில் எண் மட்டும் இருக்கும், ஊர் இருக்காது.

கடிதத்தை எனக்கு அனுப்புங்கள், சம்பளத்தை மறைத்துவிட்டுக்கூட. விசா வகை, யார் பெயரில் நிதி, எத்தனை மாதம், இந்த மூன்றையும் பார்த்துச் சொல்கிறேன். விசா முத்திரை விழும்வரை வேலூர் வேலையை ராஜினாமா செய்யாதீர்கள். ஸ்டெப் 2க்குத் தேதி இந்த மாதமே போட்டுவிடுங்கள்.