போரில் சிக்கிய பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உதவி செல்ல வழிவிடுவது கருணையா, கடமையா?

கடமைதான். 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை, 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள், கருவுற்ற பெண்கள், பிள்ளை பெற்ற தாய்மார் ஆகியோருக்கான இன்றியமையாத உணவையும் உடையையும், எதிர்த்தரப்பு மக்களுக்கே ஆனாலும், தடுக்காமல் செல்லவிட வேண்டும் என்கிறது. அவை படையினர் கைக்குப் போய்விடும் என அஞ்சத் தக்க காரணம் இருந்தால் மறுக்கலாம் என்ற விலக்கும் அதிலேயே இருக்கிறது. அதைக் காட்டித் தாமதப்படுத்துவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. ஜெனீவா உடன்படிக்கைகளோடு 1977ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட முதலாம் கூடுதல் நெறிமுறை, உதவிப் பொருள்களைப் பகிர்கையில் இவர்களுக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது.

தாமதம் எதைப் பறிக்கிறது என்பதை ஒரு வண்ணப் பட்டை காட்டிவிடும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மேற்கையைச் சுற்றி அளக்கும்போது 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்து சிவப்பில் நின்றால், அது உயிருக்கே ஆபத்தான ஊட்டக்குறைவு. வேறு சிக்கல் இல்லாத குழந்தையை மீட்கப் பெரும்பாலும் தரப்படுவது, சமைக்கவோ நீர் கலக்கவோ தேவையில்லாத, சுமார் 500 கிலோ கலோரி தரும் நிலக்கடலைப் பசைப் பொட்டலம்.

பெண்களுக்கோ உணவு மட்டும் போதாது. சோப்பு, புதிய பிளேடு, தொப்புள்கொடி கட்டும் நூல், விரிப்பு அடங்கிய சிறு பிரசவப் பையும், முகாமில் உள்ளிருந்து தாழிடக்கூடிய, விளக்குள்ள கழிப்பறையும் உதவியின் பகுதிகளே. இவற்றைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைப்பது பெருந்தவறு.