சின்னச் சக்கரம்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

சிங்கப்பூர் தஞ்சோங் பகார்ல எங்க ஆபீஸுக்குப் புதுசா ஒருத்தர் வந்திருக்கார், வீல்சேர்ல. நல்லாப் பேசுவார். ஆனா அவர் பக்கத்துல நின்னா எனக்குத்தான் கைய எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல. நேத்து "வாங்க, ஒரு நடை போயிட்டு வரலாம்"னு சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். வழியில ஏத்தம் வந்ததும் நானே தள்ளிவிட்டேன், அவர் முகம் மாறிடுச்சு. உதவிதானே பண்ணேன்? இவங்கள எப்படிச் சொல்றது, மாற்றுத்திறனாளின்னா, உடற்குறையுள்ளவர்னா? இயல்பாப் பழக என்ன செய்யணும்?

(பேர் வேணாம்னு கேட்டிருக்கார்)

தம்பி,

நடைன்னு சொன்னதுக்கெல்லாம் யாரும் நொந்துக்க மாட்டாங்க, அவரே அப்படித்தான் சொல்வார், விடு. எப்படிச் சொல்றதாம்! பேர் இருக்குல்ல அவருக்கு, அதச் சொல்லிக் கூப்பிடு.

ஆனா அந்தத் தள்ளினது இருக்கே, அதுலதான் கோவம் வருது, பாதி உன் மேல, பாதி என் மேல. பின்னாடிலேர்ந்து ஒருத்தன் வந்து உன் இடுப்பைப் பிடிச்சு அலேக்காத் தூக்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெச்சா தேங்க்ஸ் சொல்வியா? ஏத்தத்துல அவர் கை ஏற்கெனவே சக்கரத்துல இருக்கும், நீ திடீர்னு தள்ளினா விரல் மாட்டும், ஆளே முன்னாடி சரிஞ்சாலும் சரிவார். "தள்ளட்டுமா?"ன்னு கேக்க எவ்வளவு நேரம் ஆவும்? வேணாம்னா வேணாம், அவ்ளோதான். வேணாம்னவர்கிட்டயும் "அட பரவால்ல பரவால்ல"ன்னு தள்ளிக்கிட்டே போறது நம்ம ஆளுங்களுக்குன்னே வந்த வியாதி.

எங்க சித்தப்பாவுக்கு 2012ல சர்க்கரையால வலது கால் முட்டிக்குக் கீழ போச்சு. வீல்சேர் வாங்கினது நான்தான். டாக்சி பூட்ல தூக்கிப் போட லேசா இருக்கணும்னு நாலு சக்கரமும் சின்னதா இருக்கறதாப் பாத்து வாங்கினேன், விலையும் கம்மி. அதுல உக்காந்தவங்க தானா ஓட்ட முடியாது, கையால தள்ளிக்கப் பெரிய சக்கரம் வேணும், இதுக்குப் பின்னாடி ஆள் நிக்கணும். தெரியாம வாங்கினியான்னு கேக்காத. தெரியும்.

இத்தனைக்கும் முன்னெல்லாம் எங்க புளோக்ல லிஃப்ட் 1, 5, 9னு அந்த மாடிங்கள்லதான் நிக்கும், 2001ல ஆரம்பிச்ச லிஃப்ட் மேம்பாட்டுத் திட்டம் எங்களுக்கும் வந்தப்புறம்தான் ஏழாவது மாடில நின்னுச்சு. ஆக, வாசல் பக்கத்துல லிஃப்ட், கீழ சரிவுப் பாதை, எல்லாம் இருக்கு, மனுஷன் மட்டும் நான் வேலை முடிஞ்சு ஏழு மணிக்கு வர்ற வரைக்கும் ஜன்னல் ஓரமா உக்காந்திருப்பார். (இப்போ 2020 கடைசிலேர்ந்து எல்லா பொது பஸ்ஸுலயும் வீல்சேர் ஏறலாம், பஸ் கேப்டனே இறங்கி வந்து நடுக் கதவுல பலகையை விரிக்கிறார். அந்த நேரத்துல வாட்சைப் பாத்து "த்ச்" கொட்டறவங்களப் பத்தி தனியா எழுதணும்.)

ஒரு கல்யாணத்துல அவரை ஒரு தூணுக்கு எதிர்ல நிறுத்திட்டு நான் சாப்பிடப் போயிட்டேன், யாரோ பேச்சு குடுத்தாங்க, இருபது நிமிஷம் இருக்கும். வந்து பாத்தா அப்படியே தூணைப் பாத்துக்கிட்டு இருக்கார். "பெயின்ட் உரிஞ்சிருக்கு பாரு"ன்னார். வேற ஒண்ணும் சொல்லல.

அடுத்த வாரமே பெரிய சக்கரம் வெச்சது வாங்கினேன். முதல் சனிக்கிழமை நான் தூங்கி எந்திரிச்சா ஆளைக் காணோம். சித்தி அழ ஆரம்பிச்சுட்டாங்க, நான் நைட்டியோட புளோக்குக்கு அடியில இருக்கற வாய்ட் டெக், பஸ் ஸ்டாப்புன்னு ஓடறேன், கடைசில பார்த்தா பக்கத்து புளோக் கோப்பிக்கடைல இருக்கார். முன்னாடி கோப்பி. வீட்டுல நாங்க குடுக்கற, ரெண்டும் போடாத ஓ கோசோங் இல்ல, பாலும் சீனியும் போட்ட கோப்பி. சட்டைப்பையில ஃபோர்-டி லாட்டரிச் சீட்டு துருத்திக்கிட்டு நிக்குது.

"சித்திகிட்ட சொல்லிடாத"ன்னார்.

சொல்லல. சீட்டும் அடிக்கல.