13 வயதுப் பூனைக்கு அயோடின் ஊசி போடலாமா?

கேள்வி: எங்கள் பூனை நிறையச் சாப்பிட்டும் எலும்பும் தோலுமாகிவிட்டது. தைராய்டு கூடியிருக்கிறதாம். இந்த மாதம்தான் மெத்திமசோல் மாத்திரை ஆரம்பித்தோம், விழுங்கவே மாட்டேன் என்கிறது. கதிரியக்க அயோடின் ஊசி போட்டால் ஒரேயடியாகச் சரியாகும் என்கிறார்கள். மகள் மாசமாக இருக்கிறாள், பயமாக இருக்கிறது. (வாசகி, யீஷூன், சிங்கப்பூர்)

பதில்: அக்கா, அது நல்ல வைத்தியம்தான், ஆனால் உங்கள் வீட்டுக்கு இப்போதே வேண்டாம் என்பேன்.

தைராய்டு சுரப்பைக் கூட்டிவிடும் கழுத்துக் கட்டி அயோடினை வெறியோடு இழுக்கும், பக்கத்திலுள்ள சுரப்பியின் நல்ல பகுதியோ அந்த நேரம் அடங்கிக் கிடக்கும், அதனால் தோலுக்கடியில் ஒரே ஊசியாகப் போடும் அயோடின்-131 நேராகக் கட்டிக்குள் போய், ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாத பீட்டா கதிரால் அதை அழிக்கிறது. கத்தி கிடையாது. பத்தில் ஒன்பது பூனைகளுக்கு மேல் அதோடு குணமாகிவிடும். மாத்திரை சுரப்பதை மட்டும் அடக்கும், கட்டி அப்படியே இருக்கும்.

ஆனால் முதலில் சிறுநீரகத்தைப் பாருங்கள். தைராய்டு கூடியிருக்கும்போது இரத்தம் வேகமாக ஓடும், தசையும் கரைந்திருக்கும், சிறுநீரகம் வடிகட்டும் கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் குறைவாக வந்து எல்லாம் நலம் போலத் தெரியும். தைராய்டு இறங்கிய பிறகுதான் மறைந்திருந்த கோளாறு வெளியே வரும். மாத்திரை என்றால் அளவைக் குறைக்கலாம், போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் சில வாரமாவது மருந்து ஓடட்டும். முகத்தைச் சொறிந்து புண்ணாக்கினாலோ வாந்தி எடுத்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

விழுங்கவில்லையென்றால் அதே மருந்தைக் காதில் தடவும் ஜெல்லாகக் கேளுங்கள். உள்மடலில் முடியில்லாத இடத்தில், ஒரு நாள் இடது காது, மறுநாள் வலது காது. கையுறை கட்டாயம். இந்த ஜெல்லையும் மாத்திரையையும் மகள் தொடவே கூடாது, வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு ஆகாது.

இனி கதிரியக்கம். எட்டு நாளுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். கதிர் அளவு இறங்கும்வரை பூனையைத் தனியாக வைத்திருந்துதான் அனுப்புவார்கள், அது சில நாளா சில வாரமா என்பது அந்தந்த ஊர்ச் சட்டத்தைப் பொறுத்தது. வீட்டுக்கு வந்த பிறகும் சுமார் இரண்டு வாரம் மடியில் தூங்க விடக்கூடாது, மண்பெட்டியைக் கையுறையோடுதான் அள்ள வேண்டும், மாசமாக இருப்பவர்களும் குழந்தைகளும் தள்ளியே இருக்க வேண்டும். வீவக அடுக்குமாடி வீட்டில் எங்கே தள்ளி இருப்பது? மகள் அந்த நாட்களில் வேறு வீட்டில் தங்க வழியிருந்தால் யோசிக்கலாம், இல்லையென்றால் பிரசவம் முடிந்து சிறிது காலம் போகட்டும். இங்கே கதிரியக்கப் பொருளைக் கையாளத் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் வேண்டும், நினைத்த கிளினிக்கில் போட முடியாது. எங்கே போடலாம் என்று உங்கள் கால்நடை மருத்துவரையே கேளுங்கள்.

அடுத்த முறை இரத்தம் எடுக்கும்போது டி4 (தைராய்டு ஹார்மோன்), கிரியேட்டினின் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள், கூடவே இரத்த அழுத்தத்தையும்.